ஆறாட்டு நாளில் இறங்காத விமானம்

“மாமிக்கு எத்ர குலுக்கம் தாங்கும் சாமி? அதைச் சொன்னா செட் பண்ணிடலாம்.”

தரையில் உட்கார்ந்து கடைசி போல்ட்டை முறுக்கியபடியே கம்ப்யூட்டர் கடைக்காரர் சுனில் கேட்டார். ஸ்ரீவராகத்து வீட்டில், சாப்பாட்டு மேஜையை ஒதுக்கிய இடத்தில் ஒரு விமானம் முளைத்திருந்தது. இரும்புச் சட்டம், அதன்மேல் அடுத்தடுத்து இரண்டு நாற்காலி, நாலு மூலையிலும் மோட்டார், எதிரே பெரிய திரை.

“குலுக்கமே வேண்டாம்” என்றார் நாகேஸ்வரன்.

“குலுங்காம பறக்கணும்னா சோபா போருமே சாமி.”

சமையலறை வாசலில் நின்ற நாகேஸ்வரனின் மனைவி அனந்தலக்ஷ்மி சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

மஸ்கட்டில் இருக்கும் மகள் ஜானவிக்குச் சித்திரையில் பிரசவம். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வந்தே ஆகவேண்டும் என்று போனில் அழுதாள். அன்றைக்குத்தான் அனந்தலக்ஷ்மி அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள். விமானம் என்றாலே தனக்குப் பயமாம். ஏறவே மாட்டாளாம். வேண்டுமானால் அவர் மட்டும் போய்ப் பேரக்குழந்தையைப் பார்த்துவிட்டு வரட்டுமாம்.

நாகேஸ்வரனுக்கு மனைவிமேல் பெரிய இரக்கம் வந்துவிட்டது. மின்சார வாரியத்தில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். டில்லி மீட்டிங்குக்கு ஆபீஸில் விமான டிக்கெட் தந்தாலும் ரயிலில்தான் போவார். விமானம் பிடிக்காது என்றில்லை. ரயில் பிடிக்கும், அவ்வளவுதான். மஸ்கட்டுக்கு ரயில் இல்லாதது அவர் குற்றமா?

“பயம்னா என்ன? பழக்கமில்லை, அவ்வளவுதானே. ஆத்துலயே பழக்கிடறேன் உன்னை” என்றார்.

அப்புறம் சுனிலின் கடையே கதி. வெறும் திரை போதாது என்றார். வெறுமனே சாயும் நாற்காலியும் போதாது. புறப்படும்போது முதுகை அழுத்த வேண்டும், சக்கரம் தரை தொடுவது இடுப்பில் தெரிய வேண்டும். மென்பொருளிலும் அதே பாடு. ஒன்றில் நம்மூர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கடலையே காணவில்லை. கோவளம் கலங்கரை விளக்கம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததைத்தான் எடுத்துக்கொண்டார். குலுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை மட்டும் அவள் நாற்காலிப் பக்கம் வைக்கச் சொன்னார். அவள் பயம் அவள் கையிலேயே இருக்கட்டும்.

தினமும் சாயங்காலம் பறந்தார்கள். அவர் ஓட்டுவார், அவள் பக்கத்தில் இருப்பாள். மேகத்துக்குள் நுழைந்து சட்டம் ஆடத் தொடங்கினால் போதும், “போறும்னா, எனக்கு என்னமோ பண்றது” என்பாள். அவர் உடனே நிறுத்திவிடுவார். அவர் நெற்றி வியர்க்கும் நேரம் பார்த்துத்தான் அவளுக்கு என்னமோ பண்ணும். சித்திரையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

பங்குனி ஆறாட்டு வந்தது. ஊர்க்கோயில் சுவாமி சங்குமுகம் கடலில் நீராடப் போகும் வழி விமான நிலையத்து ஓடுபாதையின் மேலேதான். ஊர்வலம் போய்த் திரும்பும்வரை ஊரில் ஒரு விமானம் ஏறாது, இறங்காது. இருவரும் மேற்குக் கோட்டையில் சுவாமியைச் சேவித்துவிட்டு வீட்டுக்கு வந்து, வழக்கம்போல நாற்காலியில் ஏறினார்கள்.

ஒரு சுற்றுப் போய்விட்டு, இறங்குவதற்காக விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினார் நாகேஸ்வரன்.

“ஏன்னா, என்ன பண்றேள்? சுவாமி ரன்வேல போயிண்டிருக்கார்.”

“இது திரைடீ.”

“திரையா இருந்தா என்ன? ரன்வே நம்மூர் ரன்வேதானே? சுவாமி தலைக்கு மேலயா கொண்டுபோய் இறக்குவேள்?”

ஸ்ரீவராகத்தில் பிறந்தவர் மூக்கை மறுபடி நிமிர்த்தினார். பின்னே என்ன செய்யட்டும் என்று கேட்டார். கோவளம் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கச் சொன்னாள்.

சுற்றினார். பெண் குழந்தை பிறந்தால் என்ன பெயர் என்று அவள் பேச்சை ஆரம்பித்தாள். அவர் தன் அம்மா பெயரைச் சொன்னார். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை தவழாமலே ஓடிப்போய்விடும் என்றாள். அவருக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. வழக்காடிக்கொண்டே மேகத்துக்குள் போனார், வெளியே வந்தார், மறுபடி போனார். சட்டம் ஆடியது, நாற்காலி தூக்கிப் போட்டது. அவள் ஒரு தடவைகூடப் போறும் என்று சொல்லவில்லை. அவருக்கும் நிறுத்த வழியில்லை. சுவாமி போய்க்கொண்டிருக்கும்போது எங்கே இறங்குவது?

வெகு நேரம் கழித்து, வீட்டுக்கு மேலே நிஜ விமானம் ஒன்று இரைந்துகொண்டு போயிற்று.

“திறந்தாச்சு. இனி இறக்குங்கோ.”

சக்கரம் தரை தொட்டது இடுப்பில் நன்றாகவே தெரிந்தது. நாகேஸ்வரன் எட்டிப் பார்த்தார். திருகு கடைசிக் கோட்டில் நின்றது.

“முழுசாத் திருகி வச்சிருக்கியே?”

“பேச்சு வாக்குல கை பட்டிருக்கும்.”

“ஆனாலும் அசையாம உட்கார்ந்திருந்தே பாரு. உனக்குப் பயம் தெளிஞ்சுடுத்து, கேட்டியா?” எழுந்த கையோடு இரண்டு டிக்கெட் எடுத்தார்.

புறப்படும் நாளில், விமானத்தின் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

“பயப்படாதே லக்ஷ்மி. நான் இருக்கேன்.”

சரி என்று தலையாட்டிவிட்டு, மற்றக் கையிலிருந்த போனில் அவள் மகளிடம் தணிந்த குரலில் சொன்னாள்: “நீ சொல்லித்தந்த மாதிரியே இத்தனை நாளும் பயந்தாச்சு ஜானு. அப்பா ஏறி உட்கார்ந்தாச்சு. இனிமே நான் பயப்பட வேண்டாமோல்லியோ?”

நாகேஸ்வரன் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தார். பற்றிய கையை மட்டும் விடவில்லை.