புது ஏசிக்குச் சூடம்

அருளப்பன் ஏணியில் நின்று புது ஏசிக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கார அம்மாள் கோமளவல்லி சூடத்தட்டும் தீப்பெட்டியுமாக வந்து நின்றாள்.

“அம்மா, பத்த வெச்சிடாதீங்க! இதுல இருக்கறது அடுப்புல எரியற மாதிரி கேஸு. கசிவு இருக்கான்னு இன்னும் பார்க்கலை.”

“எரியறதா? குளிரத்தானேப்பா வாங்கினோம்?”

“நல்லாக் குளிரும்மா. பூமிக்கும் நல்லதாம். கசியற நேரத்துல நெருப்பு பட்டாத்தான் நாம ரெண்டு பேரும் இருக்க மாட்டோம்.”

“சூடம் காட்டாம இந்த வீட்டுல மிக்சிகூட ஓடினதில்ல, தெரிஞ்சுக்கோ.”

அவள் குச்சியை எடுத்தாள். அருளப்பன் அவசரமாக ஏணியிலிருந்து இறங்கினான். என்ன தோன்றியதோ, அவள் கை நின்றது.

“சரி, மூலவர் சுவத்துலயே இருக்கட்டும். உற்சவரை வாசலுக்குக் கொண்டா.”

“யாரும்மா அது?”

“ரிமோட்டுதான்.”

வாசலில் ரிமோட்டுக்குப் பொட்டிட்டு, பூச்சுற்றி, தீபாராதனை முடித்தாள்.

“தூக்குப்பா,” என்றாள். “தெருவை ஒரு சுத்து சுத்திக் கொண்டாந்துடு.”