அருமையான பின்னடைவு

சொந்த வகுப்பிலேயே நடத்த வேண்டிய செயலாய்வுக்கு, ‘வாசிக்கத் தடுமாறும் மாணவர்கள்’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டார் தமிழாசிரியை எஸ்தர். முதல் சோதனையில் பிள்ளைகள் கடகடவென்று வாசித்தார்கள். “பிரச்சினையே இல்லாம என்னம்மா ஆய்வு? நாளைக்கு நேர்ல பாக்குறேன்” என்றார் ஆய்வு மேற்பார்வையாளர், போனில். டீச்சரின் முகம் வாடிவிட்டது. “நாங்க தடுமாறுறோம் டீச்சர், விடுங்க” என்றது கேட்டுக்கொண்டிருந்த வகுப்பு.

மறுநாள் ஒவ்வொருவரும் எழுந்து, சொல்லுக்குச் சொல் முட்டி நின்றார்கள். “அருமையான பின்னடைவு!” என்று மகிழ்ந்து குறித்துக்கொண்டார் மேற்பார்வையாளர். கடைசியில், எந்தச் சோதனைக்கும் வாய் திறந்திராத பவதாரணி, யாரும் கூப்பிடாமலே எழுந்தாள். எல்லோரையும் போலத் தடுமாறித் தடுமாறி, ஒரு பத்தியை முழுசாக வாசித்து முடித்தாள்.

“இவதான் ரொம்ப மோசம்” என்றார் மேற்பார்வையாளர்.

“ஆமா சார். ரொம்ப நன்றி சார்” என்று கைகூப்பிய டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது.