பிறந்த வீடு

வெண்ணாட்டில் விவாகரத்தை ஒழித்த சட்டத்தைக் கொண்டுவந்தவர் குடும்பநல அமைச்சர் வடிவாம்பாள். மத சபைகள் கேட்டபடி அதில் ஒரு பிரிவையும் சேர்த்திருந்தார்: கணவன் உடன் வராமல் ஒரு பெண் பிறந்த வீட்டுக்குள் நுழைந்தால், அவள் குழந்தைகளுக்கு அரசு தரும் மருந்தும் உணவும் நின்றுவிடும்.

சட்டம் நிறைவேறிய மறுவாரம் அவருடைய மகள் சுடர்விழி வாசலில் வந்து நின்றாள். இடது கண் வீங்கி மூடியிருந்தது. இடுப்பில் இதய நோயுள்ள மகன்.

"உள்ள வாடி!" வடிவாம்பாள் பதறி ஓடிவந்தார்.

"வேண்டாம்மா. நிலைப்படியைத் தாண்டினா கதவுல அரசாங்கம் வச்ச கேமரா என் முகத்தைப் பதிஞ்சுடும். இவனுக்கு மருந்து வராது."

"நான் வாங்கித் தர்றேன்."

"வெளியில விக்கக் கூடாதுன்னும் நீங்கதானேம்மா சட்டம் போட்டீங்க?"

"அப்ப ஏன்டி வந்தே?" என்றார் வடிவாம்பாள்.

"வேற எங்க போறதுன்னு தெரியல."

அவர் வெளியே வந்து படியில் மகளோடு உட்கார்ந்தார். பேரனை மடியில் வாங்கிக்கொண்டார். பொழுது சாயும்வரை அப்படியே இருந்தார்கள். பிறகு அவரே காரில் அழைத்துப்போய் மகளைக் கணவன் வீட்டில் விட்டார்.

"வாங்க அத்தை" என்று சிரித்துக்கொண்டே வரவேற்றான் மருமகன்.