பெம்பானிலிருந்து வந்த வேலை

பெம்பானில் இருந்த டயாலிசிஸ் கிளையை மூடிவிட்டார்கள். அங்கிருந்த கணினி பாச்சாங் தலைமை நிலையத்தில், நகுலனின் மேசையடியில் மின்சாரமில்லாமல் கிடந்தது.

கிளைக் கணினிகள் அனுப்பும் வேலைகளை வரிசையில் போட்டுத் தானே செய்து முடிப்பது நகுலன் பார்த்துக்கொள்ளும் சர்வரின் பழக்கம். வேன் ஓட்டுநருக்குச் செய்தி போவதும் அப்படித்தான். சர்வரின் கிளைப் பட்டியலிலிருந்து பெம்பானின் பெயரை அவர் நேற்றே நீக்கியிருந்தார்.

இன்று காலை வரிசையில் ஒரு வேலை அவருடைய அனுமதிக்காகக் காத்திருந்தது. அனுப்பிய இடம்: பெம்பான். நோயாளி பவானியை ஏற்றிவர வேன் அனுப்பவும்.

"அழிச்சிடுங்க சார், யாரோ விளையாடுறாங்க," என்றாள் உடன் வேலை செய்யும் மலர்விழி. அலுவலக விதியும் அதையேதான் சொன்னது.

"வேன் சும்மா போய்ட்டு வந்தா பெட்ரோல்தாம்மா போகும். அங்க யாராச்சும் நின்னுக்கிட்டிருந்தா?" என்று நகுலன் வேலையை ஓடவிட்டார்.

சற்று நேரத்தில் ஓட்டுநர் காந்தன் அழைத்தான். "அண்ணே, நல்ல வேளை லா! பவானி அக்கா பேரு புது லிஸ்ட்ல விட்டுப்போச்சு. காலெல்லாம் வீங்கிப்போய் வீட்டு வாசல்ல நின்னாங்க, வேன்ல ஏத்திட்டேன். பழைய ஆபீசுக்கு போன் அடிச்சு அடிச்சுப் பார்த்தாங்களாம், யாருமே எடுக்கலயாம்."

அவனுக்குப் பின்னால் பவானியின் குரல் கேட்டது. "கதை பேசாம பாட்டு போடுடா காந்தா! பொழைச்சுக்கிட்டேன்ல?"

மலர்விழி கைதட்டிச் சிரித்தாள். நகுலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முருகனை நினைத்தார்.

முடிந்த வேலையைப் பற்றி, அதை அனுப்பிய கணினிக்குச் சர்வர் தகவல் சொல்வது வழக்கம். திரையில் இரண்டு வரிகள் வந்தன.

பெம்பானுக்குத் தகவல் அனுப்பப்பட்டது.

பெம்பான் பெற்றுக்கொண்டது.