மழை இறங்கிய வழி

"மோட்டார் பெட்டிக்குள்ள போற ஒயர் பைப்பு அஞ்சு. நீ அடைச்சிருக்கிறது ஆறு ஓட்டை. ஆறாவது எதுக்குப்பா?"

அசோசியேஷன் செகரட்டரி தேசிகன் கேட்டதும், ஹெப்பகோடி அபார்ட்மெண்ட்டின் கார் ஷெட்டில் கூடியிருந்த ஏழு பேரும் எலக்ட்ரீஷியன் பழனிச்சாமியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுல பைப்பு இல்ல சார். வெறும் ஓட்டை. டம்மி போட்டு மூடியிருக்கேன்."

"உன் வேலையே டம்மிதானே."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

கோபத்தில் நியாயம் இருந்தது. வெளிச்சுவரில் மாட்டிய அந்த மோட்டார் பெட்டிக்குள் மூன்று மாதமாக மழை குடிபுகுந்திருந்தது. பெங்களூர் மழைதான் தெரியுமே, ஒயிட்ஃபீல்டில் ஒருத்தர் தும்மினால் ஹெப்பகோடியில் கொட்டும். கொட்டினால் பெட்டி ட்ரிப் ஆகும். மோட்டார் நிற்கும். நாற்பது வீட்டிலும் தலையில் சோப்போடு நாற்பது பேர் நிற்பார்கள்.

பழனிச்சாமியும் மூன்று தடவை வந்து, பைப்பு நுழையும் இடத்திலெல்லாம் ரப்பர் வாஷர் மாற்றி, சிலிக்கான் பூசிவிட்டுப் போனார். மழையும் மூன்று தடவை வந்துவிட்டுப் போனது.

"எங்கேருந்துதான் வந்துதாம் தண்ணி?" என்றார் மூன்றாவது மாடிக் கோமளம்.

"மேலேருந்து ஒயர் இறங்குச்சுன்னா, மழை அதைப் பிடிச்சுக்கிட்டே உள்ள வந்துடும்மா. இன்னிக்குப் பெட்டியையே கழட்டி முதுகுப் பக்கம் பார்த்தேன்."

"எந்த ஒயரு?"

"பழசும்மா. எடுத்துட்டேன்."

"மழைக்குக் கை வேற முளைச்சிருக்கா?" என்றார் தேசிகன். "சாக்கு, சாக்கு."

கன்னடத்தில் அதற்குப் 'போதும்' என்று அர்த்தம். அவர் எந்த மொழியில் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

"அடுத்த மழைக்கு மோட்டார் நின்னுதுன்னா, வேற ஆளைப் பார்த்துக்கறோம். நீ வர வேண்டாம்."

"சரிங்க சார்." பழனிச்சாமி ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அன்று சாயங்காலமே மழை வெளுத்து வாங்கியது. மோட்டார் அசராமல் ஓடியது.

தேசிகன் காபியோடு முதல் மாடி பால்கனிக்கு வந்தார். போன தீபாவளிக்கு 'ரெண்டே ரெண்டு நாளைக்கு' என்று ஆள் வைத்துக் கட்டி, கழற்ற மறந்துபோன சீரியல் லைட் எரியவில்லை. உடனே போனை எடுத்தார்.

"பழனிச்சாமி, ஒண்ணைச் சரி பண்ணி ஒண்ணைக் கெடுத்துட்டியே. என் பால்கனி லைட் போச்சு."

"அதுக்கு உங்க மீட்டர்லேருந்து தனியா ஒயர் இழுக்கணும் சார். நாளைக்கு வரேன்."

"அப்ப, இத்தனை நாளா எதுலேருந்து எரிஞ்சுது?"

பழனிச்சாமி குரலைத் தாழ்த்தினார்.

"மோட்டார் பெட்டிலேருந்துதான், அந்த ஆறாவது ஓட்டை வழியா சார்."

தேசிகனின் காபியில் ஆடை படிந்தது.

"இதை மீட்டிங்லயே சொல்லியிருக்கலாமேப்பா."

"ஏழு பேர் இருந்தாங்களே சார்."