முதுகும் கைகளும்

"நாற்பது படம் மாட்டியிருக்கான். ஒண்ணுலகூட மூஞ்சி இல்லையே! இதுக்கா இவ்வளவு கூட்டம்?"

ஸ்டூடியோக்காரர் சத்தமாகவே கேட்டார். தமிழ்ச் சங்கக் கூடத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள்.

பாத்திரம் தேய்க்கும் இரண்டு கைகள். மாடிப்படி துடைக்கும் ஒரு முதுகு. அடுக்குக் கட்டிலிலிருந்து தொங்கும் கால்கள். எல்லாம் கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்களின் அன்றாடம். எடுத்தவன் டிப்போவில் பஸ் கழுவுகிறவன். கேமராகூட யாரோ பயன்படுத்திவிட்டு விற்றது.

"இருபத்தெட்டு வருஷமா இந்தத் தெருவுல போட்டோ எடுக்கறேன். எனக்காக இந்தச் சுவத்துல எவனாவது ஒரு ஆணி அடிச்சிருப்பானா?"

"ஏங்க, உங்க வயிறு எரியற வாடை வாசல் வரைக்கும் வருது. கொஞ்சம் சும்மா இருங்க."

"எனக்கென்ன பொறாமை?"

சொன்னாரே தவிர, அந்த முதுகுப் படத்தின் முன்னால் மூன்றாவது முறையாக வந்து நின்றிருந்தார். அவர் எடுத்த எந்தப் படமும் அவரை இப்படி நிறுத்தியதில்லை. அதுதான் தாங்கவில்லை.

சங்கச் செயலாளர் வந்தார்.

"சார், இந்தப் படங்களை இங்கயே நிரந்தரமா வச்சிடலாம்னு ஒரு யோசனை. தொழில் தெரிஞ்சவர் நீங்கதான். நீங்க சரின்னா சரி."

"முதுகை யார் வேணா எடுப்பான். மூஞ்சியை எடுக்கறதுதான் வித்தை. கழட்டச் சொல்லுங்க."

செயலாளரின் முகம் வாடிவிட்டது. பக்கத்தில் நின்ற டிப்போக்காரன் வாதாடவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, முதல் படத்தைக் கழற்ற ஆரம்பித்தான்.

அவன் சண்டைக்கு வந்திருந்தால் ஸ்டூடியோக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார். வராததால் கிட்டே போனார்.

"ஏம்ப்பா, மூஞ்சி எடுக்க வரலைன்னா என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே? சொல்லிக் குடுக்க மாட்டேனா?"

"வரும்ண்ணே. எல்லார் முகத்தையும் எடுத்து வச்சிருக்கேன். வெளியில காட்டலை, அவ்வளவுதான்."

"ஏன், உன்னைக் கட்டிப் போட்டாங்களா?"

அவன் கீழே இறங்கி, குரலைத் தாழ்த்தினான்.

"இங்க மாட்டினா ராத்திரிக்குள்ள செல்போன்ல ஊருக்குப் போயிடும்ண்ணே. பாத்திரம் தேய்க்கறவரு ஊர்ல சொல்லி வச்சிருக்கறது மேனேஜர்னு. படி துடைக்கிற அக்கா ஆபீஸ் வேலைன்னு. உங்க கடையில இருக்கற கோட்டு சூட்டை மாட்டிவிட்டு, மேஜை மேல கை வைக்கச் சொல்லி நீங்க எடுத்துக் குடுத்த படம்தான் அவங்க வீட்டுக் கூடத்துல தொங்குது. எங்கம்மாகூட என் படத்தை அப்படித்தான் வச்சிருக்கா."

கையிலிருந்த படத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"என் படம் தொங்கணும்னு உங்க படத்தை எப்படிண்ணே பொய்யாக்கறது?"