ஏழு கதவுக் கூடம்

வீடியோ கேம் பெட்டியோடு இணைத்துக் கண்ணில் மாட்டும் கருவியை வாங்கி மாட்டிய நாளில், பூவராகன் அது காட்டிய ஏழு கதவுகள் கொண்ட கூடத்துக்குள் நின்றான். முதல் கதவுக்குப் பின்னால் சுறா விளையாட்டு. மற்ற ஆறிலும் ‘விரைவில்’ என்று பலகை. மூன்று வருஷமாக அதே பலகை. விற்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு விளையாட்டு செய்துபோடத் துப்பில்லை. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அதை மாட்டி, அதே சுறாவைப் பார்த்து அலறிவிட்டுப் போனார்கள். இப்போது மாமியார்கூட அலறுவதில்லை.

இன்று மாட்டிப் பார்த்தால் பலகைகளைக் காணோம். ஆறு கதவுகள் இருந்த இடத்தில் வெறும் சுவர். ஓங்கிக் குத்தினான். பீரோ கண்ணாடி நொறுங்கியது.

“ஐயோ, கையெல்லாம் ரத்தம்! மொதல்ல அதக் கழட்டுங்க!” என்று மனைவி கத்தினாள்.

கழற்றி வீசிவிட்டு, ரத்தக் கையோடு கம்பெனிக்குப் போன் போட்டான்.

“அந்த மாடலுக்கு இனிமே கேம் வராது சார். புது மாடல் வந்திருக்கு, அதுல பன்னெண்டு கதவு,” என்றது ஒரு பெண் குரல், உற்சாகமாக.

“அதுல எத்தனை கதவும்மா தெறக்கும்?”

“லைன்ல இருங்க சார்.”

பாட்டு ஓட ஆரம்பித்தது.